நாச்சியார்கோவிலிலிருந்து கியோட்டோ கருடன் வரை

என் மகன் மூன்றரை வயது வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர்களிடம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம். இன்னொரு பக்கம் அத்தை, நாச்சியார்கோவில் கல்கருடனிடம் வேண்டிக்கொண்டார். நாலாவது பிறந்தநாள் வருவதற்குள் "பாட்டி" என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவானாலும் முதலில் கருடனுக்குத்தான்.

அவனுக்கு இப்போது ஒசாகாவில் வேலை. பக்கத்தில் கியோட்டோவில் கருடன் புல்லாங்குழல் வாசித்தபடி நிற்கிறார் என்று பஜனையில் யாரோ அத்தையிடம் சொல்லிவிட்டார்கள். 81 வயதில் அவரால் விமானம் ஏற முடியாது. மஞ்சள் துணியில் 11 ரூபாயை முடிந்து என் கையில் கொடுத்து, "எனக்கும் சேர்த்து நீ பார்த்துட்டு வாம்மா" என்றார்.

மகனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. வழியெல்லாம் எழுதிக் கொடுத்து அனுப்பினான். கியோட்டோ ஸ்டேஷனில் 206-ஆம் நம்பர் பஸ் ஏற வேண்டும். அந்த பஸ் ஊரை வட்டமடிக்கும், ஒரே நம்பரில் இரண்டு பக்கமும் போகும். நான் ஏறியது எதிர்ப்பக்கம் போவதில்! பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்கவேண்டும். நடுவில் ஆளுயரப் பெட்டிகளோடு சுற்றுலாக் கூட்டம். "இறங்கணும், இறங்கணும்" என்று தமிழிலேயே கத்தினேன். ஊர் பஸ்ஸில் இவ்வளவு பெரிய பெட்டிகளை ஏற்றலாமா? வயதானவர்கள் நிற்கக்கூட இடமில்லை. ஷிஜோ ஓமியா என்ற நிறுத்தத்தில்தான் வெளியே வர முடிந்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போனில் மகனைப் பிடித்துக் கொடுத்தேன். அவர் குனிந்து வணங்கியபடியே பேசினார். போனுக்குள்ளிருந்து என் பிள்ளையின் குரல், எனக்குத் தெரியாத மொழியில், சரளமாக, மரியாதையாக. ஒரு சொல் வராதா என்று நாங்கள் தவம் கிடந்த குரல். நடுத்தெருவில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரியவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"சாகரு, சாகரு" என்று கைகாட்டினார். தெற்கே போ என்று அர்த்தமாம். இந்த ஊரில் வடக்கே போவது 'ஏறுவது', தெற்கே போவது 'இறங்குவது'. வீட்டு விலாசத்தையே அப்படித்தான் எழுதுவார்கள் என்றான் மகன். 794-இல் தலைநகரமாக்கியபோது நூல் பிடித்தாற்போல் போட்ட தெருக்கள். குறுக்குத் தெருக்களுக்கு எண்தான் பெயர்: ஷிஜோ நாலாவது, கோஜோ ஐந்தாவது, ஷிச்சிஜோ ஏழாவது. "ஏழாவது வந்ததும் இடதுகைப் பக்கம் திரும்பி, கிழக்கே மலையைப் பார்த்தே நடங்கம்மா" என்றான். மாடவீதி சுற்றிப் பழகிய கால்களுக்கு அது போதும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்தேன். காமோ ஆற்றுப் பாலத்தில் நின்று மூச்சு வாங்கினேன். ஒரு கொக்கு தண்ணீரில் அசையாமல் நின்றது. பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சன்ஜுசான்கென்தோ, கருடன் நிற்கும் அந்தப் புத்தர் கோவில்.

செருப்பைக் கழற்றி உள்ளே போனால் மரத்தரை ஜில்லென்றிருக்கிறது. 120 மீட்டர் நீளத்துக்கு ஒரே மண்டபம். 1249-இல் தீக்கிரையாகி 1266-இல் மறுபடி எழுப்பியது. கருணையின் வடிவாக அவர்கள் வணங்கும் கன்னோனுக்கு 1001 திருமேனிகள், பொன் பூச்சோடு, வரிசை வரிசையாக. முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள். பிரம்மாவும் இந்திரனும் நாராயணன் பெயர் தாங்கிய ஒருவரும் அதில் உண்டு. எனக்கு அதெல்லாம் கண்ணிலேயே நிற்கவில்லை. ஒவ்வொரு முகமாக அவரைத்தான் தேடிப் போனேன்.

நின்றுகொண்டிருக்கிறார். அங்கே கருரா என்று பெயர். வளைந்த அலகு, விரிந்த சிறகு, வாயருகே குழல். தாளத்துக்குக் காலைத் தட்டுவதுபோல ஒரு நிலை. கண்ணில் பதித்த ஸ்படிகம் மங்கின வெளிச்சத்தில் ஒரு கணம் மின்னியது. என்னைப் பார்த்தார். சத்தியமாக என்னைத்தான் பார்த்தார். நாச்சியார்கோவிலில் சன்னதியை விட்டுக் கிளம்பும்போது 4 பேர் தோளில் வருபவர், போகப்போக 8, 16, 32, 64 பேர் வேண்டுமென்று கனக்கிறவர். இங்கே மரமேனியில் இப்போதே பறந்துவிடுவார்போல லேசாக நிற்கிறார். பின்னால் வந்த கூட்டம் நெருக்கித் தள்ளியது, ஓரமாக ஒதுங்கி மறுபடி அவர் முன்னாலேயே போய் நின்றேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பேச்சு கொடுத்தாயே, ஊமையாய் நின்ற வீட்டுக்குக் குழலோசை கொடுத்தாயே அப்பா, என்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

மஞ்சள் முடிப்பை அவருக்குக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உண்டியலில் அவர்கள் ஊர்க் காசைப் போட்டேன்.

வெளியே வந்து அத்தைக்குப் போன் போட்டேன்.

"பார்த்தியா?"

"பார்த்துட்டேன் அத்தை. வாசிச்சுக்கிட்டே இருக்கார்."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "கோவிந்தா."

முடிப்பு இப்போது எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. பங்குனி கல்கருட சேவைக்கு அத்தை கையாலேயே அதை உண்டியலில் சேர்க்கவேண்டும். லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றிருக்கிறான் பிள்ளை.