ஆரஞ்சு முனை போனில் தெரியாது

போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் அவசர அழைப்பு எடுப்பவர்களுக்கு, "துப்பாக்கி" என்ற சொல் ஹெட்செட்டில் விழுந்ததும் முதுகு தானாக நிமிரும். எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் அது மாறாது. ஆனால் நான் எடுத்த துப்பாக்கி அழைப்புகளில் பெரும்பாலானவை கடைசியில் பொம்மை, ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி), சிகரெட் லைட்டர் என்றுதான் முடிந்திருக்கின்றன. ஒருமுறை மடக்குக் குடை. அந்தக் குடைக்காரருக்கு இன்றுவரை கோபம் தீர்ந்திருக்காது.

இப்படி வரிசையாகப் பார்த்த பிறகு, பொம்மைத் துப்பாக்கிகளைப் பற்றி உலகத்தில் என்னென்ன சட்டங்கள் இருக்கின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வேலைக்குத் தேவையென்று யாரும் சொல்லவில்லை. இரவு ஷிப்டில் விடிகாலை மூன்று மணிக்கு மேல் அழைப்புகள் குறையும், அப்போது படிப்பேன்.

அமெரிக்கச் சட்டத்தின் கதை விசித்திரமானது. 1987 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் நேரலைச் செய்திக்குள் ஒருவர் புகுந்துவிட்டார். டேவிட் ஹோரோவிட்ஸ் என்ற நுகர்வோர் நலச் செய்தியாளரின் முதுகில் துப்பாக்கியை வைத்து, தான் எழுதி வந்ததை வாசிக்கச் சொன்னார். ஹோரோவிட்ஸ் பதறாமல் வாசித்தார். ஒளிபரப்பை நிலையம் அதற்குள் துண்டித்துவிட்டது, வந்தவருக்கு அது தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், அது குண்டு போடாத பிபி துப்பாக்கி, சின்ன உலோகக் குண்டுகளைச் சுடும் வகை. அதன்பின் ஹோரோவிட்ஸ் நிஜம் போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கிகளைத் தடை செய்யக் கோரிப் பிரசாரத்தில் இறங்கினார்.

அடுத்த ஆண்டே, 1988இல், கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அது வந்து உட்கார்ந்த இடம் எரிசக்தி மேலாண்மை பற்றிய ஒரு சட்டத்தின் நான்காவது பிரிவு! அதன்படி பொம்மைத் துப்பாக்கியின் குழல் வாயில் பளிச்சென்ற ஆரஞ்சு அடைப்பு இருக்கவேண்டும், அல்லது குழலின் நுனியைச் சுற்றி குறைந்தது 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஆரஞ்சு பட்டை இருக்கவேண்டும். முழுக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காகவோ, முழுக்கப் பளிச்சென்ற நிறத்திலோ இருந்தாலும் சரி. ஆனால் காற்றழுத்தத்தில் சுடும் பிபி துப்பாக்கிகளுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு. அதாவது ஹோரோவிட்ஸின் முதுகில் இருந்தது எந்த வகையோ, அந்த வகைக்கே விதி கிடையாது.

ஜப்பான் இதற்கு முன்பே முந்திக்கொண்டது. 1971 திருத்தத்தின்படி உலோகத்தில் செய்த மாதிரிக் கைத்துப்பாக்கிகள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கவேண்டும், குழலை அடைத்திருக்கவேண்டும். பிரிட்டனில் 2006இல் ஒரு சட்டம் போட்டு, 2007 அக்டோபர் முதல், அசலைப் போலவே இருக்கும் போலித் துப்பாக்கியைச் செய்வதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் குற்றமாயின. எது அசல் போல இருக்காது என்பதற்கும் அங்கே கணக்கு உண்டு: நீளம் 70 மில்லிமீட்டருக்கும் உயரம் 38 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தாலோ, சிவப்பு, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களில் இருந்தாலோ தப்பிக்கலாம். எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்தது வேறொன்று. வீட்டில் வைத்திருப்பதை அந்தப் பிரிவு குற்றமாக்கவில்லை. பாரம் முழுவதையும் செய்பவர், கொண்டுவருபவர், விற்பவர் தலையில் ஏற்றியது. பையன் கையில் இருக்கிற பொம்மைக்கு முதலில் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தானே.

சரி, இதெல்லாம் பொருளைக் கையில் வாங்கிப் பார்க்கிறவருக்கான விதிகள். சுங்க அதிகாரி பார்ப்பார், கடைச் சோதனைக்குப் போகிறவர் அளவுகோல் வைத்துப் பார்ப்பார். என் மேசைக்கு அந்தப் பொருள் வருவதில்லை. பயந்துபோன ஒருவருடைய குரலில், பாதி வாக்கியமாக வருகிறது.

ஒரு மாலை அழைப்பைச் சொல்கிறேன். பேசியவர் வயதானவர், கிசுகிசுவென்று பேசினார்.

"மேடம், எதிர் மாடியில ஒருத்தன் துப்பாக்கி வச்சு நிக்கிறான்."

"நீங்க பத்திரமான இடத்துல இருக்கீங்களா ஐயா? ஜன்னலை விட்டுத் தள்ளி வாங்க. துப்பாக்கி என்ன நிறம்னு பார்த்தீங்களா?"

"கறுப்பு… இல்ல, தெரியல மேடம். தெருவிளக்கு வெளிச்சத்துல எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுது."

அவர் சொன்னது முழுக்கச் சரி. பழைய சோடியம் விளக்குகளின் கீழே ஆரஞ்சும் வெள்ளையும் இளமஞ்சளும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஒரே மஞ்சள் அலைநீளத்தில் எரியும் வகை என்றால் நிறம் என்பதே கிடையாது. ஆண்களில் கணிசமான பேருக்குச் சிவப்பு, பச்சை வகை நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் குறை உண்டு என்பது வேறு. ஆகவே நிறத்தை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

"அங்க வேற யாராவது இருக்காங்களா?"

"ரெண்டு பசங்க இருக்காங்க. ஓடுறாங்க… சிரிக்கிறாங்க மேடம். அவங்க கையிலயும் ஏதோ இருக்கு."

நிறத்தைவிட இந்தச் சிரிப்பு எனக்கு ஆயிரம் மடங்கு உதவியது. "மூவர், சிரித்து விளையாடுவதாக அழைப்பாளர் சொல்கிறார், மூவர் கையிலும் பொருள், நிறம் உறுதியில்லை" என்று முதல் வரியிலேயே தட்டினேன். ரோந்து வண்டியில் போனவர்கள் மாடிப்படிச் சுவருக்குப் பின்னால் நின்றபடி கூப்பிட்டார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த தண்ணீர்த் துப்பாக்கிகள். பெயின்ட் அடித்ததற்குக் காரணம், வாங்கியபோது இருந்த பச்சை நிறம் "சின்னப் பிள்ளைத்தனமா" இருந்ததாம்.

நிற விதி எங்கே தோற்கிறது என்பதை அந்தப் பையன்கள் காட்டிவிட்டார்கள். பெயின்ட் அடிக்கலாம், முனையை உடைத்துப் போடலாம். அதைவிடச் சங்கடம், ஒன்றும் செய்யாமலே மறைந்துபோகும். அடையாளம் இருப்பது குழலின் நுனியில். இடுப்பில் செருகினால் முதலில் உள்ளே போவது நுனிதான், வெளியே தெரிவது பிடி மட்டும். அந்தப் பிடியைப் பார்த்துத்தான் ஜனங்கள் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

2014 நவம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்தில் நடந்ததை எங்கள் வேலையில் இருப்பவர்கள் மறக்க முடியாது. பூங்காவில் ஒருவர் துப்பாக்கியை எடுத்து எல்லோரையும் நோக்கி நீட்டுவதாக ஒரு அழைப்பு வந்தது. அது அநேகமாகப் போலியாக இருக்கும் என்றும், அந்த ஆள் அநேகமாகச் சிறுவன் என்றும் அழைத்தவரே சொன்னார். அந்த இரண்டும் ரோந்து வண்டிக்குப் போகவில்லை. வண்டி அந்தச் சிறுவனுக்குச் சில அடி தூரத்தில் வந்து நின்றது. இரண்டு விநாடிக்குள் சுட்டுவிட்டார்கள். டமிர் ரைஸ், வயது 12. மறுநாள் இறந்துபோனான். அவனிடம் இருந்தது ஏர்சாஃப்ட் துப்பாக்கி, ஆரஞ்சு முனை இல்லாதது. அழைப்பை எடுத்தவருக்குப் பின்னாளில் எட்டு நாள் பணியிடைநீக்கத் தண்டனை கிடைத்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், அதே ஒஹாயோ மாநிலத்தில், ஒரு பெரிய கடைக்குள் விற்பனைக்கு வைத்திருந்த ஏர் ரைஃபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போனில் பேசியபடி நடந்த ஜான் கிராஃபோர்ட் என்ற இளைஞர் சுடப்பட்டு இறந்தார். அவர் ஆட்களைக் குறிபார்ப்பதாக அழைப்பாளர் சொல்லியிருந்தார். கடையின் கேமராக் காட்சிகள் வெளியானபோது அந்த வர்ணனை பெரிய கேள்விக்கு உள்ளானது. ஒரு அழைப்பில் சந்தேகம் விழுங்கப்பட்டது, இன்னொன்றில் பயம் பெருக்கப்பட்டது. இரண்டையும் ஒருசேர நினைத்துப் பார்த்தால் எங்கள் கேள்விகளுக்கு எவ்வளவு பொறுப்பு என்று புரியும்.

பயிற்சி வகுப்பில் இதைப் பற்றி நான் வாதாடியிருக்கிறேன். "அழைப்பாளரின் ஊகத்தை எழுதாதீர்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்" என்பது அங்கே சொல்லித்தரும் பால பாடம். நல்ல பாடம்தான். ஆனால் "பொம்மை மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொல்லும்போது அவர் எதையோ பார்த்துத்தான் சொல்கிறார். எடை இல்லாத மாதிரி சுழற்றியிருப்பான், கீழே விழுந்தபோது பிளாஸ்டிக் சத்தம் கேட்டிருக்கும். "ஏன் அப்படித் தோணுது?" என்று ஒரு கேள்வி கேட்டால் ஊகத்துக்கு அடியில் இருக்கும் காட்சி வெளியே வரும். எங்கள் திரையில் ஆயுதக் கட்டத்தில் துப்பாக்கி, கத்தி, மற்றவை என்று மூன்றே தேர்வு. சந்தேகம் என்று ஒரு தேர்வு கிடையாது. அதனால் சந்தேகத்தைக் குறிப்பில், அதுவும் முதல் வரியில் எழுதச் சொல்லி என் கீழ் பழகும் பிள்ளைகளை நச்சரிப்பேன். ஓடும் வண்டியில் இரண்டாவது வரியை யாரும் படிப்பதில்லை.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதை அலட்சியப்படுத்த முடியாது. 2021இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் நிஜக் கைத்துப்பாக்கிக்கு லெகோ கட்டைகள் போல மேலுறை போட்டு விற்றது. லெகோ நிறுவனம் கடிதம் அனுப்பி நிறுத்தச் செய்தது. நிஜத் துப்பாக்கிக்கு இளஞ்சிவப்பு நிறம் அடித்துக்கொள்வதும் நடக்கிற காரியம்தான். ஆக, ரோந்துக்குப் போகிறவர் "பொம்மையாக இருக்கலாம்" என்ற வரியை நம்பி நிமிர்ந்து நடந்து போகமுடியாது, போகவும் கூடாது. அந்த வரியால் மாறுவது அவர் வண்டியை நிறுத்தும் இடம். தள்ளி நிறுத்துவார், மறைவு தேடுவார், முதலில் குரல் கொடுப்பார். இரண்டு விநாடி இரண்டு நிமிடமாகும்.

அதனால்தான் நிறச் சட்டங்களைவிட, பொது இடத்தில் எப்படி எடுத்துச் செல்வது என்று சொல்லும் சட்டங்கள் எனக்குப் பயனுள்ளதாகப் படுகின்றன. ஜெர்மனியில் 2008 முதல் நிஜம் போலத் தோன்றும் ஆயுதங்களைப் பொது இடத்தில் ஏந்திச் செல்லத் தடை. பூட்டிய பெட்டியில் கொண்டுபோகலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் ஜெல் பிளாஸ்டர்களுக்கு (தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டைகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கிகளுக்கு) 2021இல் அதே வழியில் போனது: தகுந்த காரணம் வேண்டும், கண்ணுக்குத் தெரியாமல் பைக்குள் இருக்கவேண்டும். பக்கத்திலேயே இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா அதற்கு முந்தைய ஆண்டே ஜெல் பிளாஸ்டரை நிஜத் துப்பாக்கிகளோடு சேர்த்து உரிமம் கேட்டது, அது கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். பைக்குள் இருக்கும் பொம்மைக்காக யாரும் எங்களைக் கூப்பிடப் போவதில்லை.

படப்பிடிப்புக்காரர்கள் தனி ரகம். நாடகம், சினிமாவுக்குப் பல நாட்டுச் சட்டங்களும் விலக்குத் தருகின்றன, நியாயம்தான், ஆரஞ்சு முனையோடு வில்லன் நின்றால் யார் பயப்படுவார்கள்? முன்கூட்டியே தகவல் தந்தால் வரைபடத்தில் அந்தத் தெருவுக்கு ஒரு குறிப்பு போட்டு வைப்போம். ஆனால் குறிப்பு இருக்கிறதே என்று அந்தத் தெருவிலிருந்து வரும் அழைப்பைத் தட்டிக்கழிக்க முடியாது, நிஜமான ஒருவன் அன்றைக்கே அங்கே வரக்கூடாது என்று விதியா இருக்கிறது? வண்டி போகும், கூடவே குறிப்பும் போகும். எங்களுக்குத் தலைவலி கொடுப்பது நேரம் கடந்து ஓடும் படப்பிடிப்புகள். ஆறு மணிக்கு முடியும் என்று சொல்லியிருப்பார்கள், குறிப்பு ஆறு மணிக்குத் தானாக அழிந்துவிடும், ஏழு மணிக்கு இருட்டில் ஒரு "டேக்" போய்க்கொண்டிருக்கும். அதனால் இப்போது தகவல் தர வருபவர்களிடம் முடியும் நேரத்தோடு, துப்பாக்கிகளைக் கையில் வைத்திருக்கும் ஆளின் போன் எண்ணையும் வாங்கிக்கொள்கிறேன். தயாரிப்பாளர் எண் வேண்டாம், அவர் எடுக்கமாட்டார்.