பைக்குள் இருக்கும் பெண்ணை ஆண் பூச்சி கண்டுபிடிப்பது எப்படி?

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் ஓலையை அரிக்கும், தன்னைச் சுற்றிப் பை கட்டி வாழும் உலாட் புங்குஸ் (பைப்புழு) அந்துப்பூச்சி இனத்தில் பெண்ணுக்குச் சிறகே கிடையாது. பைக்குள்ளேயே இருந்து வாசம் விடும்; ஆண்தான் பறந்து தேடி வரவேண்டும்.

அந்த வாசம் வட்டமாகப் பரவுவதில்லை. ஊதுபத்திப் புகைபோல் காற்றின் போக்கில் இழை இழையாகக் கிழிந்து போகும், இடையிடையே வெறுங்காற்று. ஓர் இழை உணர்கொம்பில் பட்டதும் ஆண், காற்றை எதிர்த்து முன்னே பாயும். இழை தவறினால் இடமும் வலமுமாக அலைந்து தேடும். வாசம் விட்டுவிட்டுப் படவேண்டும். இடைவெளியே இல்லாமல் நிறைந்திருந்தால் பல அந்துப்பூச்சிகள் முன்னேறாமல் தடுமாறும். எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

எவ்வளவு சிறிய அளவு என்றால், 1959-ல் ஜெர்மன் வேதியியலாளர் புட்டெனாண்ட் குழு சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து பிரித்தெடுத்த பாம்பிகால் என்ற வாசப்பொருள் சில மில்லிகிராம்தான்.

இந்த வாசத்தைக் காட்டி ஆணைப் பிடிக்கப் பொறி வைப்பவர்கள், அதைக் காற்றோட்டமான வரிசையில் தொங்கவிடுங்கள். புதருக்குள் வைத்தால் இழைகள் கலைந்துவிடும். இரண்டு பொறிகளை நெருக்கமாக வைத்தால் வாசங்கள் ஒன்றில் ஒன்று கலக்கும். உயிருள்ள பெண்ணை வலைக்கூண்டில் வைப்பதானால் இணை சேராததாகப் பாருங்கள். சேர்ந்தபின் பொதுவாக வாசம் விடுவதை நிறுத்திவிடும். செயற்கை வாசக்குப்பியைக் கையுறையோடு தொடுங்கள், விரலில் ஒட்டினால் போகிற இடமெல்லாம் வாசம்தான். தூசியும் மழையும் பட்ட பொறியின் ஒட்டு அட்டையில் பூச்சி நிற்காது, மாற்றிவிடுங்கள்.

பொறியில் விழுவது ஆண் மட்டுமே. ஓலையைத் தின்பதோ புழு. ஆகவே பொறியில் விழும் பூச்சிகளின் எண்ணிக்கை கூடினால் உடனே ஓலையை இறக்கிப் புழுவை எண்ணுங்கள்.