வால்ட்னரிடம் நாங்கள் படித்தது

பழைய மாணவர் மலர் என்றால் அதிபரைப் பற்றியும் படிப்பித்த ஆசிரியர்களைப் பற்றியும் எழுதுவதுதான் வழக்கம். நான் எழுதப்போவது எங்கள் கல்லூரி வாசலை ஒருநாளும் மிதிக்காத ஒருவரைப் பற்றி. சுவீடன் நாட்டின் மேசைப்பந்து வீரர் யான் ஓவ வால்ட்னர். அந்தக் கால அணியில் இருந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், அவரும் எங்கள் ஆசிரியர்களில் ஒருவர் என்றுதான் சொல்வார்கள்.

காரணம் எங்கள் விளையாட்டு மாஸ்டர். அவரிடம் வால்ட்னரின் ஆட்டங்கள் பதிந்த வீடியோ கசற் ஒன்று இருந்தது. ஓடி ஓடித் தேய்ந்து, படத்தின் நடுவில் வெள்ளைக் கோடுகள் விழும். அதைப் போட்டுவிட்டு, வால்ட்னர் சேர்வ் (ஆட்டத்தைத் தொடக்கிவைக்கும் முதல் பந்து) போடும் இடம் வந்ததும் மாஸ்டர் நிறுத்துவார், பின்னுக்கு ஓட்டுவார், திரும்பவும் நிறுத்துவார். மேசையின் இடப்பக்க மூலையில் நின்று பந்தை மேலே எறிகிறார். மட்டையின் பிடியிலிருந்து கடைசி மூன்று விரல்களும் விலகுகின்றன, பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் மட்டையைக் கவ்வி நிற்க, மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டுகிறது. அடுத்த சேர்வும் பார்வைக்கு அச்சு அசல் அதே வீச்சுத்தான். ஆனால் முதல் பந்து கீழ்ச்சுழலோடு, அதாவது பின்னோக்கிச் சுழன்றபடி போய் எதிராளியின் மட்டையில் பட்டு வலையில் விழுகிறது, இரண்டாவது பந்தில் சுழலே கிடையாது, அதே மாதிரி எடுக்கப்போனவரின் பந்து உயரக் கிளம்பிவிடுகிறது, வால்ட்னர் ஓர் எட்டு முன்னே வைத்து முடித்துவிடுகிறார்.

"பந்து மட்டையை விட்ட பிறகு அவன்ர கை செய்யிறதெல்லாம் உங்களை ஏமாத்தத்தான். அதைப் பாக்காதேங்கோ. படுற நேரத்தைப் பாருங்கோ" என்பார் மாஸ்டர். மேசைப்பந்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அதுதான். பலம் கொண்டவன் அடிக்கலாம், ஆனால் என்ன வருகிறது என்று தெரியாதவன் எதை அடிப்பான்? வால்ட்னரின் வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு கேள்விக்குள் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

அவர் 1965 ஒக்டோபரில் ஸ்டொக்ஹோமில் பிறந்தவர். சின்ன வயதிலேயே மட்டை பிடித்தார், 1982இல் 16 வயதில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் வரை வந்து சொந்த நாட்டவரான மிக்கேல் அப்பெல்கிரனிடம் தோற்றார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1980இல், இளம் சுவீடன் வீரர்களோடு பயிற்சிக்காகச் சீனா போயிருந்தார். எனக்கு அந்தப் பயணம் மிக முக்கியமாகப் படுகிறது. சீனர்களை எப்படியாவது வெல்ல வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்பதை அந்தப் பொடியன் பக்கத்தில் நின்றே பார்த்துக்கொண்டான். சேர்வும் அதையடுத்து வரும் ஓரிரு அடிகளும் எவ்வளவு முக்கியம் என்பதைச் சீனர்களைப் போல யாரும் வேலை செய்து காட்டவில்லை. ஆனால் வால்ட்னர் சீனர்களைப் பார்த்து அப்படியே ஆடவில்லை. அவர்களுடையதை எடுத்து, தன் மெதுவான தடுப்பையும் பந்தை வைக்கும் இடத்தையும் அதோடு சேர்த்து, யாரும் அதுவரை பார்க்காத ஆட்டம் ஒன்றை உருவாக்கினார்.

பலன் உடனே வரவில்லை. உலகக் குழுப் போட்டியில் 1983, 1985, 1987 என்று மூன்று தடவையும் சீனாவிடம் தோற்று சுவீடனுக்கு இரண்டாம் இடம். 1987இல் புது டில்லியில் தனியாள் இறுதியாட்டத்திலும் ஜியாங் ஜியாலியாங்கிடம் வால்ட்னர் தோற்றார். இத்தனை தோல்விக்குப் பிறகு 1989இல் டோர்ட்முண்டில் வந்தது பாருங்கள், குழு இறுதியாட்டத்தில் சீனாவுக்கு எதிராக 5-0! ஒரே ஒரு ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அதே போட்டியில் தன் அணித் தோழன் யோர்கன் பேர்சனை வென்று வால்ட்னர் தனியாள் உலக சாம்பியனும் ஆனார். 1990இல் உலகக் கிண்ணம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரான்ஸின் காத்தியானை ஒரு கேமைக்கூட (ஓர் ஆட்டத்தின் ஒரு பகுதி) விடாமல் வென்று தங்கம், அந்த ஒலிம்பிக்கில் சுவீடனுக்குக் கிடைத்த ஒரே தங்கமும் அதுதான். ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், உலகக் கிண்ணம் மூன்றையும் தனியாளாக வென்ற முதல் ஆண் வீரர் அவர்.

சீனா சும்மா இருக்கவில்லை. 1980களில் வீரராக இருந்த காய் ஷென்ஹுவா பயிற்றுநராகி, அணியைத் திரும்பக் கட்டினார். கொங் லிங்ஹுய், லியூ குவோலியாங் போன்ற இளைஞர்கள் வந்தார்கள். 1995இல் குழுப் பட்டம் சீனாவுக்கே திரும்பிப் போனபோது வால்ட்னரின் காலம் முடிந்தது என்று நாங்களும் வருத்தத்தோடு பேசிக்கொண்டோம். 1997இல் மான்செஸ்டரில், 31 வயதில், போட்டி முழுவதிலும் ஒரு கேமைக்கூட இழக்காமல் இரண்டாம் முறை உலக சாம்பியன் ஆனார் மனிதர். இறுதியில் அவர் வென்றது பெலாரஸின் சாம்சனோவை. அந்தச் செய்தி வந்தபோது எங்களில் பலர் ஏற்கெனவே நாடு நாடாகப் பிரிந்துவிட்டோம், ஆனாலும் தொலைபேசியில் அழைத்து ஆளுக்காள் சொல்லி மகிழ்ந்தோம்.

2000இல் கோலாலம்பூரில் சுவீடன் திரும்பவும் சீனாவை வென்று உலகக் குழுப் பட்டத்தை எடுத்தது. அதே வருடம் சிட்னி ஒலிம்பிக் இறுதியில் கொங் லிங்ஹுயிடம் முதல் இரண்டு கேமையும் இழந்து, அடுத்த இரண்டையும் பிடித்து, ஐந்தாவதில் தோற்றார் வால்ட்னர். வெள்ளி கிடைத்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஐந்தாவது கேம் மனதை உறுத்தும்.

அப்புறம் விதிகள் மாறின. சிட்னி முடிந்த கையோடு 38 மில்லிமீற்றர் பந்து போய் 40 மில்லிமீற்றர் வந்தது. பெரிய பந்தில் வேகமும் குறைவு, சுழலும் குறைவு. 2001இல் 21 புள்ளி கேம் 11 ஆனது. 2002இல் சேர்வ் போடும்போது கையாலோ உடம்பாலோ பந்தை மறைப்பது தடையானது. சேர்வை நம்பி வாழ்ந்த பலருக்கு இது பெரிய அடி. வால்ட்னரும் அந்தக் காலத்தில் எல்லோரையும் போல மறைத்துப் போட்டவர்தான். ஆனால் அவருடைய வித்தை மறைப்பில் மட்டும் இருக்கவில்லை. ஒரே வீச்சில் வேறு வேறு சுழல் வந்தால், எதிராளி கண் முன்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றும் குழம்புவான். மாஸ்டர் கசற்றை நிறுத்தி நிறுத்திக் காட்டியது இதைத்தான்.

அதற்குச் சாட்சி 2004 ஏதென்ஸ். வால்ட்னருக்கு 38 வயது. எதிரே சீனாவின் மா லின், 24 வயது, நான்கு வருடம் கழித்து பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் எடுக்கப்போகிறவர். அவரைத் தோற்கடித்தார் வால்ட்னர். அடுத்து ஜெர்மனியின் தீமோ போல், 2003இல் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்த இளைஞர். அவரையும் தோற்கடித்தார். அந்த ஆட்டங்களில் அவருடைய கால்கள் பழைய மாதிரி ஓடவில்லை என்பது தெளிவாகவே தெரியும். அதனால் எதிராளியை ஓட வைத்தார். போலின் பலத்த ஸ்பின் அடியை மேசைக்கு அருகில் நின்று மட்டையை மெல்ல வைத்துத் தடுப்பார், பந்து செத்துப்போய் வலைக்குப் பக்கத்தில் விழும், போல் ஓடி வந்து எடுப்பார், அடுத்த பந்து அவருடைய முழங்கைப் பக்கம் வரும், முன்கையா பின்கையா என்று அவர் முடிவெடுப்பதற்குள் புள்ளி போய்விடும். அரையிறுதியில் ரியூ சுங் மின்னிடம் தோற்றார், அந்தக் கொரியர்தான் பிறகு தங்கம் வென்றார். வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் வாங் லிச்சினிடம் தோற்று நான்காம் இடத்தோடு திரும்பினார். பதக்கம் இல்லாத அந்த நான்காம் இடத்தை நான் அவருடைய தங்கத்துக்குச் சமமாகவே வைக்கிறேன்.

சீனாவில் அவருக்கு இருக்கும் பெயர் சுவீடனில் இருப்பதைவிடக் குறைந்ததல்ல. தங்கள் வீரர்களை இவ்வளவு காலம் தோற்கடித்த ஒருவரை ஒரு நாடு இப்படிக் கொண்டாடுவது மேசைப்பந்தில் மட்டும்தான் நடக்கும் போலிருக்கிறது. ஜியாங் ஜியாலியாங் தலைமுறை, கொங் லிங்ஹுய் தலைமுறை, மா லின் தலைமுறை எல்லோருக்கும் எதிரே நின்றவர் அவர். 2016 பெப்ரவரியில், 50 வயதில், போட்டி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

ஒலிம்பிக்கில் சுவீடனுக்கு அவருக்குப் பிறகு நீண்ட வறட்சி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் ட்ருல்ஸ் மோரெகோர்ட் என்ற இளைஞர், உலகின் முதலிட வீரர் வாங் சுச்சினை ஆரம்பச் சுற்றிலேயே வெளியேற்றி, இறுதி வரை போய் வெள்ளி வென்றார். சிட்னியில் வால்ட்னர் எடுத்த வெள்ளிக்குப் பிறகு தனியாள் ஆட்டத்தில் சுவீடனுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். அவரும் எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத பந்தைப் போடுகிறவர், பார்க்கும்போது மாஸ்டர் இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று தோன்றியது.

சங்கத்தின் அடுத்த மேசைப்பந்துச் சுற்றுப்போட்டியில் எங்கள் பிள்ளைகளும் ஆடப்போகிறார்கள். எல்லோரும் பலமாக அடிக்கிறார்கள், நன்றாகவே அடிக்கிறார்கள். ஆட்டம் தொடங்க முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, ஏதென்ஸில் வால்ட்னரும் போலும் ஆடிய ஆட்டத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். சேர்வ் வரும் இடங்களில் நிறுத்தி நிறுத்திக் காட்ட நான் தயார்.