பெச்செல் கரண்டி

யோக்யகர்த்தாவில் இந்தோனேசிய மொழி வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. பேச்சு ஓரளவு ஓடுகிறது, எழுத்துதான் நொண்டுகிறது. சந்தையை வருணிக்கச் சொன்னால், "கூட்டமாக இருக்கிறது, பழங்கள் இருக்கின்றன" என்பதோடு என் சரக்கு தீர்ந்துவிடும்.

சென்ற வாரம் ஆசிரியை என் தலையில் மெய்நிகர்க் கண்ணாடியை (VR) மாட்டிவிட்டார். உள்ளே பெரிங்ஹார்ஜோ சந்தை வாசல். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பஸ் ஏறினால் மாலியோபோரோ தெருவில் அசல் சந்தையே இருக்கிறதே! ஆனால் அங்கே நான் எதையும் நின்று பார்த்ததில்லை. பின்னால் வருபவர் இடிப்பார், கடைக்காரர் ஜாவா மொழியில் ஏதோ கேட்பார், நான் அசடு வழிய நகர்ந்துவிடுவேன்.

கண்ணாடிக்குள் இடிப்பதற்கு ஆளில்லை. பெச்செல் விற்கும் ஓர் அம்மா, வாழையிலையில் வெந்த கீரையும் முளைப்பயறும் வைத்து வேர்க்கடலைச் சாந்தை ஊற்றுகிறார். நான்கு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நான்காம் முறைதான் கண்ணில் பட்டது: ஊற்றி முடித்ததும் கரண்டியின் அடியை இலை விளிம்பில் வழித்துவிடுகிறார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத முடியாது, காகிதம் தெரியாது. கழற்றி, தலைசுற்றல் அடங்கும்வரை உட்கார்ந்து, மனத்தில் தங்கியதைத்தான் எழுத வேண்டும். எனக்குப் பிடித்ததே இந்த இடைவெளிதான். அவ்வளவு பெரிய சந்தையில் எனக்கு மிஞ்சியது அந்தக் கரண்டி. பத்தி முழுக்க அதையே எழுதினேன்.

சிவப்பு மைக்குக் குறைவில்லை. ஊற்றுவதற்கு 'ஸிராம்' என்பார்கள். நான் 'மென்ஸிராம்' என்று எழுதியிருந்தேன். 'மெஞிராம்' என்று திருத்தியிருந்தார். முன்னொட்டு சேர்ந்தால் ஸகரம் விழுந்து ஞகரம் வரும். 'துலிஸ்' (எழுது) 'மெனுலிஸ்' ஆவதும் இப்படியே. மரத்தோடு 'கள்' சேர்ந்தால் மரங்கள் என்று பழகியவளுக்கு இது உறைத்திருக்க வேண்டாமா! 'காமி', 'கிதா' இரண்டில் மட்டும் தப்பித்தேன். நாங்கள், நாம் என்று நம்மிடமே இருக்கிறதே. பக்கத்து இருக்கை ஆஸ்திரேலியர் இன்னும் அதில்தான் தடுமாறுகிறார்.

ஓரத்தில் ஆசிரியை ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "வாசனை எப்படி இருந்தது?"

கண்ணாடியில் ஏது வாசனை? வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். சாந்தில் கென்ச்சூர் அரைத்துப் போடுவார்கள் என்று ஒரு துண்டை என் கையில் வைத்தார். முகர்ந்து பார்த்தால் நம் நாட்டு மருந்துக் கடைக் கச்சோலம்.