விளக்குமாறு எதுவரை போகும்

கதவைத் திறந்தால் கைப்பிடியில் அந்தப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. சின்ன மரப்பலகை, அதில் ஜெர்மன் மொழியில் 'கேர்வோஹெ' என்று எழுதியிருக்கும். இந்த வாரம் பெருக்கித் துடைக்கும் முறை உங்களுடையது என்று அர்த்தம். எதிர்வீட்டுப் பாட்டி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கையில் எடுத்த நேரம் பார்த்துக் குடும்பக் குழுவில் தம்பி அனுப்பிய செய்தி வந்து விழுந்தது. இந்திய நகரங்களின் தூய்மைக் கணக்கெடுப்பில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரைக்கு 40-வது இடம். அது 2025 ஜூலை. பலகையும் கையுமாகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரொம்ப வலித்தது. எங்கள் வீடு சிம்மக்கல் பக்கம். துக்க வீட்டு நாட்களைத் தவிர, அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துப் பெருக்கிக் கோலம் போடாத நாள் எனக்கு நினைவில்லை. எங்கள் சந்து முழுக்க அப்படித்தான். அந்த ஊரா கடைசி?

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. இங்கே பெருக்குவது ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்திருக்கிறது. அவரவர் வீட்டுச் சாணக் குப்பையை வாரம் ஒருமுறை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று 1492-லேயே நகர விதி போட்டிருக்கிறார்கள். 1988-ல் நகர நிர்வாகம் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. சின்ன முறை என்றால் நம் மாடிப்படி மட்டும். பெரிய முறை வந்தால் முற்றம், நிலவறை நடை, வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதை எல்லாம் நம் பொறுப்பு. பனிக்காலத்தில் பனியும் வார வேண்டும்.

என் முதல் முறையை மறக்க முடியாது. படியைப் பெருக்கினேன், ஈரத்துணியால் துடைத்தேன், திருப்தியாகப் போய்ப் படுத்தேன். மறுநாள் பாட்டி மணியடித்தார். படிக்கட்டுக் கைப்பிடியின் அடிப்பக்கம் விரலை ஓட்டி, தூசி ஒட்டிய அந்த விரலை என் முன்னால் நீட்டினார். கடுமையாக ஒரு வார்த்தை இல்லை. எனக்குத்தான் முகம் சுண்டிப்போய்விட்டது. வாசல் பெருக்கி வளர்ந்தவளிடம் வந்து இப்படிச் சொல்லிவிட்டார்களே என்று அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்கு முன் ஒரு வருடம் பெர்லினில், நொய்கோல்ன் பகுதியில் இருந்தேன். அங்கே நடைபாதையில் பழைய மெத்தை கிடக்கும், கால் உடைந்த நாற்காலி கிடக்கும், 'வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதிய அட்டைப்பெட்டி இருக்கும். என் முதல் புத்தக அலமாரியே அப்படி வந்ததுதான். தெருவைக் கூட்ட ஆரஞ்சு உடுப்பில் நகரத் துப்புரவுப் பணியாளர்கள் வருவார்கள். ஜனங்கள் எல்லாவற்றையும் அவர்கள் தலையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் காலி பாட்டிலை மட்டும் தொட்டிக்குள் போடாமல், பொறுக்கிப் பிழைப்பவர் கையை உள்ளே விடவேண்டாம் என்று வெளியே நிறுத்திவைப்பார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடித்தது. இரவு பத்து மணிக்கும் பெட்டிக்கடை திறந்திருக்கும், கடை வாசல் பெஞ்சில் நம் ஊர்த் திண்ணை மாதிரி நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் தெரு எட்டு மணிக்கே அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போடக்கூடாது, சத்தம் வரும். குடியிருக்க எது நல்ல ஊர் என்று கேட்டால் சுத்தத்தை மட்டும் வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. படியைப் பளபளவென்று துடைக்கும் இதே ஊரில்தான் நெக்கார்டோர் சாலைச் சந்திப்பு காற்று மாசுக்காக நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. 2016-லிருந்து சில வருடங்கள் நுண்தூசி எச்சரிக்கையே விட்டார்கள்.

சரி, விளக்குமாறுக்கு வருகிறேன். ஒரு அக்டோபரில் எனக்குப் பெரிய முறை வந்தது. இரண்டு நாள் மழை. மேப்பிள் இலைகள் நனைந்து நடைபாதைக் கல்லோடு அப்பிக்கிடந்தன. இங்கே விற்கும் நீளக்கம்புத் துடைப்பம் காய்ந்த இலைக்குச் சரி. ஈர இலையை அது மேலே தடவிக்கொண்டுதான் போகிறது. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த தென்னங்குச்சி விளக்குமாறை எடுத்தேன். அடிப்பக்கத்தைத் தரையில் நாலு தட்டுத் தட்டி இறுக்கி, குனிந்து ஒரு கையால் சரட் சரட்டென்று இழுத்தேன். கல் இடுக்கில் இருந்த இலை காம்போடு பெயர்ந்து வந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு நிமிடம் நான் நிற்பது எந்த ஊர், எந்தத் தெரு என்பதே மறந்துபோனது. தெளித்த மண்ணின் வாசனை, பால்காரர் சைக்கிள் மணி, "கோலத்தை மிதிக்காம வா" என்ற அம்மாவின் குரல். நிமிர்ந்தால் மாடி ஜன்னலில் பாட்டி. இறங்கி வந்து, விளக்குமாறை வாங்கி, தானே நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தார். எந்த மரம், யார் கட்டியது என்று கேட்டார். தென்னையோலை ஈர்க்கு, எங்கள் வீட்டில் சீவி அம்மா கட்டியது என்றேன். அடுத்த வாரம் அவர் முறைக்கு அதை இரவல் கேட்டு வாங்கிப் போனார்.

மதுரை கடைசி என்று படித்த அன்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்: அம்மாவின் விளக்குமாறு எங்கே நிற்கும்? கோலத்தின் ஓரத்தில். அங்கிருந்து ஒரே தள்ளு, பாலிதீன் கவரோடு எல்லாம் சாக்கடைக்குள். பக்கத்து வீட்டு அத்தையும் அதே சாக்கடையில்தான் தள்ளுவார். மழை பெய்தால் அந்தக் குப்பை அடைத்துக்கொண்டு, தண்ணீர் அந்தக் கோலத்தின் மேலேயே ஏறி நிற்கும். பாட்டியின் துடைப்பம் நடைபாதை விளிம்புவரை போகிறது. ஆனால் அந்த விளிம்பில் வாளி இருக்கிறது. வாளியைக் கொட்ட வீட்டுக்குள் தொட்டி இருக்கிறது. சொன்ன நாளில் வண்டி வருகிறது. இவையெல்லாம் இல்லாத தெருவைப் பார்த்து, நம் ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். ஐந்து மணிக்கு எழுந்து கூட்டுகிறவளைவிடச் சுத்தம் தெரிந்தவர் யார்?

அன்று படியைத் துடைத்துக்கொண்டே வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். செய்தியைப் பற்றி நான் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை. என் கையைப் பார்த்தவர், "அள்ளின குப்பைய எங்கடி போடுவ?" என்று கேட்டார். வாளியைக் காட்டினேன், கீழே போய்த் தொட்டிகளையும் காட்டினேன். மட்கும் குப்பைக்குப் பழுப்பு, காகிதத்துக்குப் பச்சை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க தெருமுக்குல இருந்த தொட்டியையும் எடுத்துட்டாங்கடி. வண்டி ரெண்டு நாளா வரல. கட்டி வாசல்லயே வச்சிருக்கேன், நாய் இழுத்துப் போட்டுருது."

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். ஆனால் அன்று ராத்திரி முழுக்க என் மனது சிம்மக்கல் வாசலில், நாய் கிழித்துப்போட்ட அந்தப் பைக்குப் பக்கத்திலேயே நின்றது.

அம்மா வரும் மே மாதம் இங்கே வருகிறார். விசா கிடைத்துவிட்டது. பருப்புப்பொடி, அப்பளம், வடகம் என்று பெட்டி ஏற்கெனவே நிறைந்துவிட்டதாம். எதையாவது எடுத்துவிட்டு இரண்டு விளக்குமாறு வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்று எனக்கு, என்னுடையது தேய்ந்துவிட்டது. இன்னொன்று பாட்டிக்கு. அதை நல்ல நீள ஈர்க்காகப் பார்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன், அவருக்குக் குனிய முடிவதில்லை.