சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு: காலி ஃபோல்டர்கள் எங்கே போயின?

சப்வெர்ஷன், கிட் இரண்டுமே கோடில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேமித்துவைக்கும் மென்பொருள்கள். வேலை செய்யும் இடத்தில் பல வருடங்களாக ஓடிய ஒரு சப்வெர்ஷன் ரெப்போவை, அதாவது கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கை, கிட்டுக்கு மாற்றினேன். இந்த மாற்றத்துக்கான கிட் எஸ்விஎன் கருவி கமிட் (பதிவுசெய்த ஒவ்வொரு மாற்றம்) வரலாறு, பிராஞ்ச் (தனிக் கிளை) எல்லாவற்றையும் ஒழுங்காகவே கொண்டுவந்தது. ஆனால் ரெப்போவைப் புதிதாகக் குளோன் (நகல்) செய்த சர்வரில் அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகவில்லை. பார்த்தால் லாக் எழுதுகிற ஃபோல்டரே அங்கே இல்லை, அப்லோட், கேச் ஃபோல்டர்களையும் காணோம்.

சப்வெர்ஷனில் ஃபைலைப் போலவே ஃபோல்டருக்கும் வரலாறு உண்டு. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் அது ரெப்போவில் இருக்கும், நாமாக டெலீட் செய்து கமிட் கொடுத்தால்தான் போகும். கிட் அப்படி இல்லை. அடுத்த கமிட்டுக்குப் போக வேண்டியதைக் குறிக்கும் அதன் இன்டெக்ஸ் ஃபைல்களின் பாதைகளை மட்டும்தான் குறித்துவைக்கிறது, அந்தப் பாதையில் வருவதால்தான் ஃபோல்டருக்கே இடம். உள்ளுக்குள் கிட்டால் காலி ட்ரீ (ஃபோல்டரைக் குறிக்கும் பதிவு) ஒன்றைச் சேமிக்க முடியும், ஆனால் கமிட் உருவாவது இன்டெக்ஸிலிருந்து, அங்கே காலி ஃபோல்டரை எழுத வழியில்லை. காலி ஃபோல்டருக்கு, இன்டெக்ஸில் சேர்க்கும் கட்டளையான கிட் ஆட் கொடுத்துப் பாருங்கள், எர்ரர்கூட வராது, சேர்க்கவும் சேர்க்காது. குறைந்தது ஒரு எச்சரிக்கையாவது காட்டலாம் என்பது என் கருத்து.

கிட் எஸ்விஎன்னில் 'பிரிசர்வ்-எம்ப்டி-டைர்ஸ்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, குளோன் செய்யும்போதே கொடுத்தால் காலி ஃபோல்டர்களில் எல்லாம் ஒரு டாட் கிட்இக்னோர் ஃபைலை (எவற்றைக் கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லும் ஃபைல்) வைத்துவிடும். எங்கள் ரெப்போவில் பாதி காலி ஃபோல்டர்கள் யாருக்கும் தேவைப்படாதவை, அதனால் வேண்டியதை மட்டும் கையால் சேர்த்தேன். அப்லோட் ஃபோல்டருக்குள் ஒரு டாட் கிட்இக்னோர், அதில் இரண்டே வரி: முதல் வரியில் 'எதையும் கண்டுகொள்ளாதே' என்கிற நட்சத்திரக் குறி, அடுத்ததில் 'இதைத் தவிர' என்கிற ஆச்சரியக்குறி போட்டு அதே ஃபைலின் பெயர். ஃபோல்டர் நிற்கும், உள்ளே வந்து விழுகிற எதுவும் கமிட்டுக்குள் நுழையாது. காலி ஃபோல்டரை நிறுத்திவைக்கப் பலர் வைக்கிற டாட் கிட்கீப் என்ற ஃபைல் வெறும் வழக்கம்தான், அந்தப் பெயருக்கு கிட் எந்த அர்த்தமும் தருவதில்லை, உள்ளே வரும் ஃபைல்களைத் தடுக்கவும் செய்யாது.

அப்புறம் டெலீட் விஷயம். ஒரு ஃபோல்டரின் கடைசி ஃபைலுக்கு, டெலீட் கட்டளையான கிட் ஆர்எம் கொடுத்தால் ஃபோல்டரும் டிஸ்க்கிலிருந்து போய்விடும். நீங்கள் அந்த ஃபோல்டருக்குள்ளேயே நின்றுகொண்டு செய்தால் 2.35 பதிப்பிலிருந்து அதை விட்டுவைக்கும். கிட்டுக்குத் தெரியாத ஃபைல், உதாரணமாக பில்டில் வந்த ஏதாவது, உள்ளே கிடந்தாலும் ஃபோல்டர் அப்படியே நிற்கும். இப்படி மிச்சம் நின்றவை எங்களிடம் நிறைய இருந்தன. கிட்டுக்குத் தெரியாதவற்றை அழிக்கும் கிட் கிளீன் கட்டளையை முதலில் மைனஸ் என்டி போட்டு எதெல்லாம் போகும் என்று பார்த்துவிட்டு, பிறகு மைனஸ் எஃப்டி கொடுத்துத் துடைத்தேன். எப்போதோ அழித்த ஒரு கான்ஃபிக் ஃபைலைத் தேட வேண்டி வந்தபோது, வரலாற்றைக் காட்டும் கிட் லாகில், அழித்தவற்றை மட்டும் காட்டச் சொல்லி 'டிஃப்-ஃபில்டர்' டி என்று போட்டதும் அழித்த கமிட் கிடைத்தது, அதற்கு முந்தைய கமிட்டிலிருந்து ஃபைலை எடுத்துக்கொண்டேன்.

லாக், கேச் இரண்டுக்கும் ரெப்போவில் எதுவும் வைக்கவில்லை. அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகும்போது ஃபோல்டர் இல்லையென்றால் அதுவே உருவாக்கிக்கொள்கிற மாதிரி கோடை மாற்றிவிட்டேன்.