கிரவுன் போச்சு என்றார்கள், போகவில்லை

மூன்று வாரமாக என் பழைய நாலு சக்கர டிரைவ் பிக்கப்பின் பின்பக்கம் ஒரே ஊளை. 50-ஐத் தாண்டினால் ஆரம்பிக்கும், 70-இல் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஏறி உட்கார்ந்து கேட்டவர்கள் எல்லோரும் "கிரவுன் போச்சு, இறக்கிடுங்க" என்றார்கள். கிரவுன் என்பது பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன். இரண்டையும் மாற்றி, ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைத்து பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான இடைவெளி) பிடிப்பது பெரிய வேலை. சத்தம் எப்போது மாறுகிறது என்று தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

முதலில் டயர். பெரிய பட்டன் டயர் தாறுமாறாகத் தேய்ந்தால் கிரவுன் மாதிரியே கூவும், ஆனால் சாலையின் மேற்பரப்பு மாறினால் அதன் குரலும் மாறும். எனக்கு மாறவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு குரல், விட்டால் இன்னொரு குரல் என்றால் கிரவுன் பினியன் பற்களையோ பினியன் பேரிங்கையோ சந்தேகிக்கலாம், ஏனென்றால் மிதிக்கும்போது பல்லின் ஒரு முகத்திலும் விடும்போது மறு முகத்திலும் சுமை விழுகிறது. என் வண்டியில் மிதித்தாலும் விட்டாலும் நியூட்ரலில் உருள விட்டாலும் அதே ஊளைதான். கியர் போடும்போது டொக் என்று அடிக்கவும் இல்லை, அதனால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் (ஆக்சிலுக்கு இழுவையைக் கொண்டு போகும் தண்டு) மூட்டான யூ ஜாயின்ட் மேலும் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் ஆளில்லாத அகலமான சாலையில் ஒரே வேகத்தில் போய் ஸ்டீயரிங்கை லேசாக இடப்பக்கம் ஒடித்தேன். வண்டியின் கனம் வலப்பக்கச் சக்கரத்துக்குப் போனதும் ஊளை கரகரவென்று ஏறியது, வலப்பக்கம் ஒடித்தால் அடங்கியது. வலது பின் சக்கர பேரிங்!

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, 4ஹெச் (நாலு சக்கர இழுவை) போட்டு முன் சக்கர இழுவையில் மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். (ஷாஃப்ட் இரண்டு முனையிலும் ஃபிளேஞ்சில் போல்ட் போட்டிருந்தால்தான் இது சரிப்படும், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செருகி நிற்கும் ஸ்லிப் யோக் என்றால் ஆயில் கொட்டிவிடும்.) பற்களில் எஞ்சின் சுமையே இல்லாதபோதும் சத்தம் துளிகூடக் குறையவில்லை.

ஆயிலை வடித்தேன். காந்தத்தில் சாம்பல் நிறப் பசைதான், அது எந்தப் பழைய ஆக்சிலிலும் இருக்கும். செதில் எதுவும் இல்லை. ஆனால் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது, உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூ முழுக்க ஆயில். ஆக்சில் ஷாஃப்டை உருவி, ரோலர் ஓடும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் குழிக்குக் குழி மாட்டுகிறது. இந்த வகை ஆக்சிலில் ரோலர் ஷாஃப்ட் மேலேயே ஓடுவதால், பேரிங்கோடு ஷாஃப்டும் போச்சு.

காரணம் மேலே இருந்தது. ஆக்சில் ஹவுசிங்கின் பிரீதர், அதாவது காற்று போய்வரும் வழி, சேற்றில் இறுகி அடைத்திருந்தது. சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கும்போது உள்காற்று சுருங்கும். பிரீதர் வழி இல்லாததால், ஆயில் வெளியேறாமல் அடைக்கும் சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். மறுபடி சூடானால் அதே சீல் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். கிரவுனை மட்டும் மாற்றியிருந்தால் இது அப்படியே இருந்திருக்கும்.

பேரிங், ஷாஃப்ட், இரண்டு பக்க சீல், பிரேக் ஷூ எல்லாம் புதிது. பிரீதருக்கு நீள ஹோஸ் போட்டு சேஸிஸுக்கு மேலே கட்டிவிட்டேன். இடது பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்தேன், சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.